முதல் வேட்டைத் துப்பாக்கி: வாங்கிவிட்டு வருந்தியவர்கள் சொல்லுங்கள்

கொலம்பஸ்காரன்:

எங்கள் தாத்தாவிடம் ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவித்தால் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். தேர்தல் முடிந்ததும் ரசீதைக் காட்டி வாங்கி வருவார். அது வெடித்து நான் பார்த்ததே இல்லை. துப்பாக்கியோடு எனக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

இப்போது ஓஹையோவில், கொலம்பஸ் பக்கம் இருக்கிறேன். போன வருடம் அலுவலக நண்பர் ஒருவர் மான் வேட்டைக்குக் கூட்டிப் போனார். மரத்தில் கட்டிய பரணில் ஆறு மணி நேரம் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு மான் வந்தது, அவர் சுட்டார், பாதிக் கறி என் வீட்டுக்கு வந்தது. பிடித்துப்போய்விட்டது. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டேன். இந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்களன்று தொடங்கும் மான் வாரத்துக்குச் சொந்தத் துப்பாக்கியோடு போக ஆசை.

பக்கத்துக் கடையில் .308 தோட்டா போடும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) 549 டாலர். 50 டாலர் முன்பணம் கட்டியிருக்கிறேன். சனிக்கிழமை போய் எடுக்க வேண்டியதுதான். எதை வாங்கலாம் என்று சொல்ல ஊரே இருக்கிறது. எதை வாங்கி ஏமாந்தோம் என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. நீங்களாவது சொல்லுங்கள். என் உயரம் 5 அடி 5 அங்குலம். இதுவரை சுட்டது நண்பரின் .22 மட்டும்.

ஏரிக்கரையான்:

முதலில் அந்தச் சனிக்கிழமையை நிறுத்துங்கள். ஓஹையோவில் .308-ஐ வைத்து மானைச் சுடக்கூடாது. வீட்டில் வைத்திருக்கலாம், ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், சுடலாம், மானுக்கு மட்டும் ஆகாது.

இங்கே 2014 வரை மானுக்கு ஷாட்கன், கரிமருந்துத் துப்பாக்கி, கைத்துப்பாக்கி, வில் இவைதான். அந்த வருடம்தான் ரைஃபிளுக்கு வழிவிட்டார்கள், அதுவும் நேர்ச்சுவர்த் தோட்டா போடும் ரைஃபிளுக்கு மட்டும். தோட்டாவின் பித்தளைக் கூடு குழாய் மாதிரி இருக்க வேண்டும். .308-இன் கூடு பாட்டில் மாதிரி, மேலே கழுத்து குறுகும். சமவெளி, இடையிடையே வீடுகள், குறி தவறிய குண்டு வெகுதூரம் போகக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு.

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் 2015-ல் வாங்கியது .30-30 லீவர் துப்பாக்கி. கௌபாய்கள் கையில் பார்ப்போமே, அதே ரகம். 1895-லிருந்து அமெரிக்கக் காடுகளில் மான் அடித்த தோட்டா, இதற்கென்ன தடை இருக்கப் போகிறது என்று நினைத்துவிட்டேன். அந்தக் கூட்டிலும் லேசாக ஒரு கழுத்து இருக்கிறது. பார்த்தால் சட்டென்று தெரியாது. முதல் நாள் காலையில் நிலத்துக்காரப் பெரியவர் என் தோட்டா ஒன்றை வாங்கி, கட்டைவிரல் நகத்தால் கீழிருந்து மேலே தடவினார். நகம் ஓர் இடத்தில் தடுக்கியது. "இதைக் கொண்டுபோய்க் காரில் வை" என்றார். அன்று முழுக்க அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 160 டாலர் நஷ்டத்தில் விற்றேன். கடைக்காரரைத் திட்டவும் வழியில்லை, மானுக்கு என்று நான் சொல்லவே இல்லை. 2019-ல் .350 லெஜன்ட் என்ற நேர்ச்சுவர்த் தோட்டா வந்த பிறகு அதற்கான ரைஃபிளை வாங்கினேன். உதை குறைவு, 150 கெஜம் வரை கவலை இல்லை. இங்கே அதற்கு மேல் சுட இடமும் கிடைக்காது.

இதைப் படிக்கும் எச்-1பி ஆட்களுக்கு ஒரு வார்த்தை. விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்க, கையில் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருக்க வேண்டும். கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் அதைக் கேட்பார்கள். லைசென்ஸ் காலாவதி ஆன பிறகும் துப்பாக்கியை வைத்திருந்தால் அதுவே குற்றம்.

கொலம்பஸ்காரன்:

ஐயையோ. வகுப்பில் சொல்லியிருப்பார்கள், நான்தான் தூங்கியிருப்பேன். நல்லவேளை கேட்டேன். மற்றவர்களும் சொல்லுங்கள், இன்னும் எத்தனை குழி இருக்கிறதோ.

வேலிக்காத்தான்:

நான் டெக்ஸஸ். (இங்கே காடு முழுக்க மெஸ்கீட் மரம், நம்மூர் வேலிக்காத்தானுக்குப் பங்காளி. முள் குத்தினால் அதே வலி.) இங்கே .308 தாராளமாகச் செல்லும், அதனால் நான் சட்டத்தில் மாட்டவில்லை. என் தண்டங்கள் வேறு வகை. மூன்று துப்பாக்கி.

முதலாவது 2012-ல் வாங்கிய .300 வின்செஸ்டர் மேக்னம். "அலாஸ்கா கரடிக்கே போதும்" என்றார் கடைக்காரர். நான் அலாஸ்காவுக்குப் போகவில்லை, கரடியும் என்னைத் தேடி வரவில்லை. எங்கள் குத்தகை நிலம் ஹில் கன்ட்ரியில். நாங்கள் ஒளிந்து உட்காரும் மறைப்பிலிருந்து, மானுக்கு மக்காச்சோளம் கொட்டும் இடம் 90 கெஜம். அந்தப் பக்கத்து மானும் சின்னது, நம்மூர்க் கிடாயைவிடக் கொஞ்சம் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே எடையுள்ள .308-ஐவிட அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உதைக்கும். ரேஞ்சில் ஒரு பெட்டி, 20 தோட்டா, சுட்டுவிட்டு வந்தால் தோள் நாவற்பழ நிறம். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். குண்டுகள் அட்டையில் ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே போனதைத்தான் தாங்க முடியவில்லை. நான்கு மாதம் ஸ்கோப்பைத் திட்டினேன். கடைசியில் ஒரு நண்பர் எனக்குத் தெரியாமல் மேகசினில் மருந்தே இல்லாத போலித் தோட்டா ஒன்றைச் செருகி வைத்தார். நான் விசையை இழுத்தேன். க்ளிக் என்று சத்தம், வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை நான்கு விரல் கீழே குத்தியது. உதைக்கும் முன்பே பயந்து நானே அமுக்கியிருக்கிறேன். பக்கத்து மேஜையில் பத்து வயதுப் பையன் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

உதையைக் குறைக்கக் குழல் முனையில், வெடிப்புக் காற்றைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் போட்டேன். தோளுக்கு விடுதலை, காதுக்குத் தண்டனை. மறைப்புக்குள்ளிருந்து சுட்டால், காதடைப்பு போட்டிருந்தாலும் மண்டைக்குள் கோயில் மணி அடிக்கும். அப்புறம் கறி. 90 கெஜத்தில் முன்சப்பையில் பட்டால் அந்தப் பக்கம் முழுக்க ரத்தக்கட்டுதான். உப்புக்கண்டத்துக்கு என்று மனைவி கணக்குப் போட்டு வைத்திருந்த கறி நாய்க்குப் போனது.

இரண்டாவது, உங்களுடையது மாதிரி ஸ்கோப்போடு சேர்த்து விற்ற மலிவு ரைஃபிள். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் குழல் அருமையான குழல். அதுதான் என் ஆத்திரம். மணல் மூட்டையில் வைத்துச் சுட்டால் மூன்று குண்டும் ஓர் அங்குலத்துக்குள் விழும். அதே துப்பாக்கியை மறைப்பின் ஜன்னல் கட்டையில் ஊன்றிச் சுட்டபோது 100 கெஜத்தில் ஐந்து அங்குலம் தள்ளிப் போனது. ஸ்டாக் (குழலைத் தாங்கித் தோளில் ஊன்றும் கட்டை) அச்சில் வார்த்த மெல்லிய பிளாஸ்டிக். ஊன்றினால் வளைந்து குழலில் ஒட்டிக்கொள்ளும், குழல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக அதிரும்.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே செருகிப் பின்பக்கம் வரை இழுத்துப் பாருங்கள். அது எளிதாகப் போகும். அடுத்து, ஸ்டாக்கின் முன்பகுதியைக் குழலோடு சேர்த்து அமுக்கிக்கொண்டே இழுங்கள். நோட்டு மாட்டினால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். கூடவே வந்த ஸ்கோப் டிசம்பர் காலை ஒன்றில் உள்ளுக்குள் ஆவி கட்டியது. எதிரே ஏழெட்டுப் பன்றிகள், எனக்குத் தெரிந்ததெல்லாம் பால்கோவா. வேறு ஸ்டாக், வேறு ஸ்கோப் என்று 400 டாலர் போட்டேன். அந்தப் பணத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஆரம்பத்திலேயே நல்லதாக ஒன்று வந்திருக்கும்.

மூன்றாவது .260 ரெமிங்டன். உதைக்காது, நேராகப் போகும், ஒரு குறையும் சொல்ல முடியாது. 1997-ல் வந்த தோட்டா. 2007-ல் 6.5 கிரீட்மோர் வந்து கடைத் தட்டுகளில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2020-ல் தோட்டாப் பஞ்சம் வந்தபோது என்னிடம் இருந்தது 11. மூன்று ஊர்க் கடைகளில் கேட்டேன், "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று ஒரு பையன் என்னையே திருப்பிக் கேட்டான். அந்த சீசன் முழுக்க எண்ணி எண்ணிச் சுட்டேன், கல்யாண வீட்டில் லட்டு பரிமாறுகிற மாதிரி.

இப்போது வைத்திருப்பது ஒரு பண்ணைக்காரரிடம் 400 டாலருக்கு வாங்கிய பழைய .308. உடம்பெல்லாம் கீறல். உங்கள் ஊரில் அதுவே ஆகாது என்கிறார்கள், வேடிக்கைதான்.

ரொறன்ரோ மாமா:

தம்பி, எல்லாரும் மலிவு வாங்கிக் கெட்டார்கள். நான் வடிவு பார்த்துக் கெட்டவன். வால்நட் மரக்கட்டை போட்ட பழைய .30-06, மரத்தின் வரிகள் தேன் மாதிரி. மனிசி கூட "இதைச் சாமி அறையில் வைக்கலாம்" என்று சொன்னாள்.

நவம்பரில் பரி சவுண்ட் பக்கம் மூன்று நாள் ஈரப்பனி. மூன்றாம் நாள் 70 மீற்றரில் நின்ற மானைச் சுட்டேன், படவில்லை. கை நடுங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். வீடு வந்து அட்டையில் சுட்டுப் பார்த்தால், குண்டு ஆறு அங்குலம் வலது பக்கம். துப்பாக்கி திருத்துபவர் கழற்றிக் காட்டினார். வெளியில் கண்ணாடி மாதிரி வார்னிஷ், குழல் இருக்கும் பள்ளத்துக்குள் எதுவும் பூசாத வெறும் மரம். ஈரத்தைக் குடித்து ஊதி, குழலை ஒரு பக்கமாய்த் தள்ளியிருக்கிறது. உள்ளே பூசி அடைக்க 200 டொலர் போனது. போல்ட்டுக்குள் பழைய கிரீஸ் வேறு. அது குளிரில் இறுகினால் தோட்டாவைத் தட்டும் ஊசி மெதுவாய்ப் போகும், தோட்டா வெடிக்காமல் நிற்கும். பழையது வாங்கினால் வெட்கப்படாமல் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

பரண்மேல் பாட்டி:

பென்சில்வேனியாவிலிருந்து. 5 அடி 1 அங்குலம். என் நாற்பதாவது பிறந்தநாளுக்குக் கணவர் தன் கைக்கு அளவு பார்த்து எனக்கு வாங்கி வந்த ரைஃபிள் பற்றித்தான் எழுத வந்தேன். விசையிலிருந்து ஸ்டாக் முடிவு வரை 13¾ அங்குலம். எனக்குக் கை எட்டாது. கழுத்தை நீட்டி, கண்ணை ஸ்கோப்போடு ஒட்டிச் சுட்டேன். உதைத்ததில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்துக்கு மேல் வெட்டியது. "அம்மாவுக்கு மூன்றாம் பிறை" என்று பிள்ளைகள் இன்றும் கும்பிடுகிறார்கள்.

5 அடி 5 என்றால் நீங்களும் கவனியுங்கள். ரைஃபிள் காலியா என்று பார்த்துவிட்டு, அதன் பின்முனையை முழங்கை மடிப்பில் வையுங்கள். விரல் விசைக்கு நிம்மதியாக எட்ட வேண்டும். முக்கியமாக, பரணில் போடப்போகிற தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பாருங்கள். டி-ஷர்ட்டில் சரியாக இருப்பது டிசம்பரில் ஓர் அங்குலம் நீண்டுவிடும். நான் பிறகு 12½ அங்குல இளையோர் மாடலுக்கு மாறினேன். கணவருக்கு லேசான வருத்தம். அவர் வாங்கியதை இப்போது அவரேதான் வைத்திருக்கிறார், எனக்கென்னவோ முதலிலிருந்தே ஒரு சந்தேகம்.

கொலம்பஸ்காரன்:

வெள்ளிக்கிழமையே போய்விட்டேன். முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டார்களாம், வேறு பொருளில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆரஞ்சு நிற மேல்சட்டையும் காதடைப்பும் வாங்கினேன். பிறகு ஒரு .350 லெஜன்டைக் கேட்டு, காரிலிருந்து பனி ஜாக்கெட்டை எடுத்து வந்து போட்டுக்கொண்டு தோளில் வைத்துப் பார்த்தேன். வெளியே 91 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். டாலர் நோட்டை வேறு எடுத்து நீட்டியதும் கடைப் பெண் மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டார். நோட்டு மாட்டியது. அடுத்த கடை, அடுத்த சனிக்கிழமை.