புதுப்பிப்பு: மாடி பாத்ரூம் கசிவு, வேலை எதுவரை வந்திருக்கிறது
மாடி பாத்ரூம் கசிந்து கீழே ஹால் சீலிங்கில் ஈரம் படர்கிறது, மொத்தமாக கான்ட்ராக்ட் விடுவதா, பொருளை நாமே வாங்கிக் கொடுத்து கூலி மட்டும் பேசுவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கூலிக்கு மட்டும்தான் பேசினேன். கணக்கு தெளிவாக இருக்கிறது. ஆனால் காலையில் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வந்து இறங்காவிட்டால் அன்றைய ஆள் கூலி நம் தலையில்தான்.

டைல்ஸை உடைத்ததும் காரணம் தெரிந்தது. பாத்ரூம் தரைத் தண்ணீர் வெளியேறும் நானி ட்ராப்பைச் சுற்றிப் பூச்சே இல்லை. விரலை விட்டால் ஈரச் செங்கல் ஜல்லி உதிர்ந்து வந்தது.

தரையில் கசிவைத் தடுக்கும் கோட்டிங் அடித்த கையோடு, "நாளைக்கே டைல்ஸ் ஒட்டிடலாம் சார்" என்றார் மேஸ்திரி. நான் விடவில்லை. இரண்டு கோட்டும் நன்றாகக் காய்ந்த பிறகு ட்ராப் வாயை அடைத்து, தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் மட்டம் குறித்து 48 மணி நேரம் விட்டோம். கீழே ஒரு மூலையில் மட்டும் பொட்டு ஈரம். பைப் ஸ்லாபைத் துளைத்து இறங்கும் இடம் அது. அங்கே காய்ந்தாலும் சுருங்காத க்ரௌட் (இடைவெளியை அடைக்கும் கலவை) ஊற்றி, மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்ததும் நின்றுவிட்டது. மேஸ்திரிக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது, பரவாயில்லை.

இப்போது வழுக்காத டைல்ஸ் ஒட்டியாயிற்று. தண்ணீர் ட்ராப்பை நோக்கி ஓடத் தரை வாட்டம் 100-க்கு 1. கடைசித் தவணை பாக்கி. கீழே சீலிங்குக்குப் பட்டி பார்ப்பது ஈரம் முழுசாகக் காய்ந்த பிறகுதான். வீட்டில் அதற்குள் பெயின்ட் கலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.