பூர்வகுடி இளங்கலைஞர்களுக்கு 32 கிழமை அரங்கப் பயிற்சி: எங்கே பிழை வரும்?

திண்ணை (கேள்வி)

ரொறன்ரோவில் ஒரு சிறு சமூக அரங்கம். வடக்கு ஒன்ராறியோவிலுள்ள பூர்வகுடிக் கலைக்குழு ஒன்றோடு சேர்ந்து, 19 முதல் 26 வயது வரையான ஆறு பேருக்கு நடிப்பு, ஆட்டம், மேடை நுட்பம் மூன்றிலும் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம். செப்ரெம்பரில் தொடக்கம், 32 கிழமை. கையிலுள்ள பணம் 120,000 டொலர்.

இப்போதைய வரைவு: கிழமைக்கு மூன்று நாள் வகுப்பு, மாதம் ஒரு தடவை மூத்தோர் (மரபறிவு காக்கும் சமூகப் பெரியவர்) ஒருவரின் வருகை, முடிவில் 40 நிமிடப் புதுப்படைப்பு. அனுபவமுள்ள இயக்குநர்கள் இருவர் வழிகாட்டிகளாக வர இசைந்துள்ளார்கள். இருவரும் பூர்வகுடியினர் அல்லர். வழிகாட்டி யாராக இருக்க வேண்டும், பணத்தை எப்படிப் பிரிப்பது, மூத்தோரை எந்த முறையில் அழைப்பது? இந்த மூன்றிலும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூத்துக்களரி

உங்கள் இரு இயக்குநர்களும் குரல், உடல், பிரதி வாசிப்பு, மேடை நகர்வு எல்லாம் கற்பிக்கலாம். எந்தப் பாட்டை மேடைக்குக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு பயிலுநருக்கும் இரண்டு பேர் வேண்டும்: தொழிலுக்கு ஒருவர், அவருடைய சொந்தக் குடியின் மரபுக்கு ஒருவர். ‘சொந்தக் குடி’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். கிறீ இளைஞருக்கு மோஹோக் மூத்தவரை வழிகாட்டியாகப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. மொழிக் குடும்பமே வேறு.

நம் மட்டக்களப்புக் கூத்தில் ஆட்டம், பாட்டு, தாளம் எல்லாம் அண்ணாவியார் (கூத்து ஆசான்) ஒருவரிடமே வரும். சதங்கை அணி விழாவில் ஊரே கூடிப் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளும். அந்தப் படத்தை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். இங்கே தலைமுறைச் சங்கிலியை அரசே அறுத்தது. மேற்குக் கரைக் குடிகளின் கொடை விருந்தான பொற்லாச் சடங்குக்கு 1885இல் வந்த தடை 1951 வரை நீடித்தது. 1914இல் செய்த திருத்தத்தால், மேற்கு மாகாணங்களில் மரபு உடையோடு பொது நிகழ்ச்சியில் ஆடுவதற்கே அரச அலுவலரின் அனுமதி தேவைப்பட்டது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசினால் தண்டனை. இதனால் உங்களிடம் வரும் 22 வயதுக்காரர் நடிப்பையும் தன் பாட்டியின் மொழியையும் ஒரே காலத்தில் முதற்தடவையாகக் கற்றுக்கொண்டிருக்கலாம். ‘உன் மரபிலிருந்து ஏதாவது செய்து காட்டு’ என்று முதல் நாளே கேட்டால் கூனிக் குறுகிப்போவார். அந்தப் பயிற்சியை ஆறாம் கிழமைக்குத் தள்ளுங்கள்.

தொழில் வழிகாட்டிகளிலும் பூர்வகுடியினர் இல்லாமலில்லை. 1974இல் ஜேம்ஸ் புல்லர் தொடங்கிய பூர்வகுடி நாடகப் பள்ளிதான் இன்று ரொறன்ரோவில் பூர்வகுடி அரங்க மையமாக இயங்குகிறது. நேற்றிவ் ஏர்த் அரங்கக் குழு 1982இலிருந்து இருக்கிறது. ரொறன்ரோவின் றீஜன்ற் பார்க்கிலுள்ள ஆக்கி ஸ்ரூடியோ அரங்கு அவர்களுடையது. மனிற்றூலின் தீவில் டெபாஜெமுஜிக் என்ற அரங்கக் குழு இருக்கிறது. ஒட்டாவாவில் தேசியக் கலை மையம் 2019இல் பூர்வகுடி அரங்கத்துக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. கேட்காமலே ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

40 நிமிடப் படைப்பையும் விடுங்கள். நேற்றிவ் ஏர்த் 1988இலிருந்து நடத்தும் ‘வீசகேச்சாக்’ விழா, வளர்ச்சியில் இருக்கும் படைப்புகளுக்கான மேடை. அதைப்போல, கையில் பிரதியோடு 15 நிமிடம், பிறகு பார்வையாளரோடு பேச்சு என்று வையுங்கள். முழு நாடகம் என்று அறிவித்தால் கடைசி எட்டுக் கிழமையும் பயிற்சி நின்றுபோய் வெறும் ஒத்திகையாகிவிடும்.

கணக்கப்பிள்ளை

ஆறு பேர் தாங்காது. வெளியூரிலிருந்து வருபவருக்குக் கிழமைக்கு 600 டொலருக்குக் கீழே கொடுத்தால் இரவு வேலை தேடிப் போவார், காலை வகுப்பில் தூங்குவார். 6 பேர் × 32 கிழமை × 600 = 115,200. முடிந்தது கதை. மூன்று பேராக்கினால் 57,600, மிச்சம் 62,400. அதை இப்படிப் பிரிக்கலாம். தொழில் வழிகாட்டிகள் மூவருக்குக் கிழமைக்கு 2 மணி நேரம், மணிக்கு 75 வீதம், 14,400. மூத்தோருக்கு 12 நாள், நாளுக்கு 500, மொத்தம் 6,000. பயணமும் தங்குமிடமும் 15,000. ஹோல் வாடகை 10,000. நுட்பப் பணியாளர், பதிவு 7,000. மீதி 10,000ஐத் தொடாமல் வையுங்கள். மரணம், சுகவீனம், விமானம் தவறுவது எல்லாம் அதிலிருந்துதான்.

பணம் போய்ச் சேரும் நேரம் தொகையைவிட முக்கியம். உதவித்தொகையை மாதக் கடைசியில் தராமல் ஒவ்வொரு வெள்ளியும் கொடுங்கள். ரொறன்ரோவில் வீடு எடுக்க முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் முன்கூட்டியே கேட்பார்கள். அதற்கு முன்பணம் இல்லாவிட்டால் ஆள் செப்ரெம்பரில் வந்து ஒக்ரோபரில் திரும்பிப்போவார். ‘பயிற்சியில் ஈடுபாடு இல்லை’ என்று அறிக்கையில் எழுதுவது பிறகு சுலபம்.

மூத்தோர் சன்மானத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள். காசோலை ஆறு கிழமை கழித்துத் தபாலில் போவது மரியாதை அல்ல. ஆண்டுக்கு 500 டொலருக்கு மேல் போனால் ரீ4ஏ என்ற வருமான வரிப் படிவம் வரும். முதியோர் உதவித்தொகை பெறுபவர்களுக்கு அது இடைஞ்சலாகலாம். அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கனடா கலைச் சபையில் பூர்வகுடியினருக்கெனத் தனித் திட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் வடக்கிலுள்ள உங்கள் பங்காளி. உங்கள் பெயரில் போடாதீர்கள்.

மேடைக்குப்பின்

மூத்தோரை அழைக்கும் முறை குடிக்குக் குடி மாறும். அனிஷினாபே, கிறீ மக்களிடம் ஒன்றைக் கேட்கப் போகும்போது புகையிலை கொடுப்பது வழக்கம்: ஒரு பிடி உதிரிப் புகையிலை, சிறு துணியில் முடிந்தது. கேட்பதற்கு முன் நீட்ட வேண்டும், வேலை முடிந்தபின் நன்றிக்காக அல்ல. அவர் வாங்கிக்கொண்டால்தான் இசைந்தார் என்று பொருள். ஆர்க்டிக் பகுதி மக்களான இனுயிட் மூத்தவரிடம் இதைச் செய்யாதீர்கள், அது அவர்கள் மரபில்லை. சந்தேகம் இருந்தால் அவருடைய உதவியாளரிடம் முதலே கேளுங்கள், யாரும் கோபிக்கப் போவதில்லை.

மூத்தவருக்கு வாகனம், உதவிக்கு ஒருவர், சாய்மானமுள்ள கதிரை, நேரத்துக்குச் சாப்பாடு. மாதம் ஒரு தடவை வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவதால் பயனில்லை. தொடர்ந்து மூன்று நாள், ஒத்திகை அறையில் சும்மா இருக்கட்டும். பேச்சு தானாக வரும்.

புகைச் சடங்கு நடக்கும். தூய்மைப்படுத்த சேஜ், இனிப்புப் புல், சீடர் முதலிய மூலிகைகளைக் கிண்ணத்தில் எரிப்பார்கள். ஒன்ராறியோவில் புகையிலையின் மரபுப் பயன்பாட்டுக்குப் புகைத்தடைச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் புகை உணர்விக்குச் சட்டம் தெரியாது. கட்டட முகாமையாளரிடம் குறைந்தது இரண்டு நாள் முன்பே சொல்லி, அந்த அறையின் எச்சரிக்கை வலயத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். கண்காணிப்பு நிறுவனத்துக்கும் தகவல் போக வேண்டும். நிறுத்தியிருக்கும் நேரம் முழுக்கத் தீயணைப்பானோடு ஒருவர் காவல். முடிந்ததும் திரும்ப இயக்கியதைக் கையெழுத்திட்டுக் குறியுங்கள், மறப்பது இங்கேதான். கிண்ணத்தின் அடியில் மணல் தட்டு வையுங்கள்.

அடுத்தது தோல் மேளம். பறை காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஈரப்பதம் ஏறினால் தோல் தளர்ந்து ஒலி செத்துப்போகும். மாரியில் ஹீற்றர் காற்று உலர்த்தினால் இறுகிச் சுருதி ஏறும், விளிம்பில் வெடிக்கவும் கூடும். மேடை விளக்கின் கீழே வைத்துவிட்டுப் போகாதீர்கள். உரியவர் தவிர வேறு யாரும் தூக்கக் கூடாது, அதன்மேல் கோப்பிக் கோப்பை வைக்கவே கூடாது. உங்கள் நுட்பப் பணியாளருக்கு முதல் நாள் சொல்ல வேண்டியது இதுதான்.

மரபு உடையை ‘கொஸ்ரியூம்’ என்று அழைப்புத்தாளில் எழுதாதீர்கள். புனிதமாகக் கருதும் கழுகிறகு கீழே விழுந்தால் ஆட்டம் நிற்கும். அதை எடுக்க உரியவர் உண்டு. மேடை முகாமையாளர் ஓடிப்போய்ப் பொறுக்கக் கூடாது. ‘நிறுத்து, விளக்கு மாற்றாதே, காத்திரு’ என்று ஒரு கியூவை (மேடைக் குறிப்பை) முகாமையாளரின் புத்தகத்திலேயே எழுதி வையுங்கள். ஜிங்கிள் ஆட்டத்துக்கான உடையில் நூற்றுக்கணக்கான உலோகக் கூம்புகள் இருக்கும். நெஞ்சில் மைக் குத்தினால் வேறொன்றும் கேட்காது. தரை மைக் இரண்டு போதும். 1918 இன்ஃபுளுவென்சாக் காலத்தோடு சேர்ந்த குணப்படுத்தும் ஆட்டம் அது; காட்சி மாற்றத்தை மறைக்க இடையில் செருகும் துண்டு அல்ல.

வடகாற்று

மேலே சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் உடன்பாடில்லை. மூன்று பேராக்குவது கணக்குக்குச் சரி. ஆனால் ஒரு சமூகத்திலிருந்து தனி ஆளாக வருபவர் ரொறன்ரோவில் உடைந்துபோவார். மூன்று பேர் என்றால், குறைந்தது இரண்டு பேர் ஒரே ஊர் அல்லது உறவாக இருக்கட்டும்.

செப்ரெம்பர் தொடக்கமும் யோசிக்க வேண்டியது. வடக்கில் வேட்டைக்காலம் இலையுதிர்காலத்தில் வருகிறது. குடும்பத்தோடு காட்டுக்குப் போவதும் பயிற்சிதான். ஒக்ரோபரில் ஒரு கிழமையை முதலே விடுமுறையாக்கினால் ‘வராதவர்’ பட்டியல் தேவைப்படாது. மரணவீட்டுக்குப் போகும் நாட்களுக்கும் சம்பளம் கொடுங்கள், நாள் எண்ணாதீர்கள். விமானத்தால் மட்டுமே போகக்கூடிய ஊரென்றால், வானிலைக்கென்று இரு பக்கமும் இரண்டு நாள் சேருங்கள்.

தெரிவின்போது அரசின் அடையாள அட்டையை மட்டும் கேட்காதீர்கள். அது முதற்குடிகளிலும் (இனுயிட், மேற்றி அல்லாத பூர்வகுடிகள்) பதிவானவர்களுக்கே உண்டு. இனுயிட் மக்களுக்கும், பூர்வகுடி ஐரோப்பியக் கலப்பு வழிவந்த மேற்றி மக்களுக்கும் இல்லை. ‘எந்தச் சமூகம் உங்களைத் தன்னவர் என்கிறது, அங்கே யாரிடம் பேசலாம்’ என்று கேட்பது பொருத்தம். அந்தப் பேச்சையும் உங்கள் பங்காளிக் குழுவே நடத்தட்டும்.

வதிவிடப் பள்ளி பற்றிய காட்சி எதையும் நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களே கொண்டுவந்தால், ஒத்திகையின் கடைசி 20 நிமிடத்தைப் பாத்திரத்திலிருந்து இறங்குவதற்கு ஒதுக்குங்கள்: உடை மாற்றல், தண்ணீர், கொஞ்ச நடை. அந்த நாட்களில் உள ஆற்றுப்படுத்துநர் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும், தொலைபேசியில் அல்ல.

திண்ணை

மிக்க நன்றி. மூன்று பேர், ஆளுக்கு இரண்டு வழிகாட்டிகள், 15 நிமிடம் என்று மாற்றிப் பங்காளிக் குழுவுக்கு அனுப்புகிறேன். ஒன்று விடுபட்டுவிட்டது: எல்லா அமர்வையும் காணொளியாகப் பதிந்து இணையத்தில் போடுவதாக நிதி தந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கூத்துக்களரி

அதை உடனே திருத்திக் கேளுங்கள். காப்புரிமைச் சட்டம் படைத்தவர் இறந்து 70 ஆண்டு என்று எண்ணும். ஒரு குடும்பத்துக்கோ குலத்துக்கோ உரிய பாட்டு அந்தக் கணக்கில் அடங்காது. ‘பொதுச்சொத்து’ என்று சட்டம் சொன்னாலும் பாட உரிமை கிடைத்ததாகாது. ஒப்பந்தத்தில் பாட்டின் பெயர், அனுமதி தந்தவர், எத்தனை காட்சி, பதியலாமா, பதிந்தால் மூலப்பிரதி யாரிடம் என்று தனித்தனி வரியாக எழுதுங்கள். அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றும் ஒரு வரி. நிதி தந்தவர்களுக்கு, பயிலுநர்களே தெரிந்தெடுத்த ஐந்து நிமிடத் துண்டு போதும் என்று கேட்டுப் பாருங்கள். காரணம் சொன்னால் பெரும்பாலும் ஒப்புவார்கள். மூத்தவர் பேசும் நாட்களில் கமெராவை அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். கைபேசிகளுக்குக் கதவருகே ஒரு கூடை, உங்களுடையதும் அதற்குள்.