நக்கரில் ரோரிக் தம்பதியின் நினைவிடம்: எங்கள் அனுபவம்

குலு பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களில் பலர் மணாலியோடு திரும்பிவிடுகிறார்கள். பியாஸ் ஆற்றின் இடது கரையில், மலைச்சரிவில் இருக்கும் நக்கர் வரை வருகிறவர்களும் பழைய கோட்டையைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவதுண்டு. அங்கிருந்து இன்னும் சற்று மேலே ஏறினால், ரஷ்யாவிலிருந்து வந்து 1928 இறுதியில் இங்கே குடியேறிய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக்கும் அவர் மனைவி ஹெலினாவும் வாழ்ந்த வீடு இருக்கிறது. கலைக்கும் பண்பாட்டு மரபுக்கும் வாழ்நாளையே கொடுத்த ஒரு தம்பதிக்கு இதைவிடப் பொருத்தமான நினைவிடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கீழ்த்தளத்தில் நிக்கோலஸின் ஓவியங்களை வைத்திருக்கிறார்கள். நீலமும் ஊதாவும் கலந்த அந்தப் பனிமலைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அதே மலைகள் எதிரே நிற்கின்றன. குடும்பத்தினர் புழங்கிய அறைகளுக்குள் விடுவதில்லை. தாழ்வாரத்தில் நின்று கண்ணாடிச் சன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். முற்றத்தில் தேவதாரு மரத்தடியில், குதிரைமீது அமர்ந்த நாட்டார் தெய்வமான கூகா சௌகானின் உருவமும் உள்ளூர்த் தெய்வங்களின் பழைய கற்சிலைகளும் இருக்கின்றன.

தோட்டத்துப் பாதையில் கீழே இறங்கினால், நிக்கோலஸின் உடலை எரியூட்டிய இடத்தில் ஒரு பெரிய பாறையை நிறுத்தியிருக்கிறார்கள். இந்தியாவின் பெரும் நண்பரான மகரிஷி நிக்கோலஸ் ரோரிக்கின் இறுதிச் சடங்கு, விக்கிரம ஆண்டு 2004 மக்ஹர் 30ஆம் நாள், அதாவது 1947 டிசம்பர் 15 அன்று, இங்கே நடந்தது என்பதே அதில் இந்தியில் செதுக்கியிருப்பதன் சாரம். அதை முழுவதும் படித்துவிட்டு, அந்த அம்மாளின் பெயர் ஏன் இதில் இல்லை என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி.

கணவர் இறந்த சில வாரங்களிலேயே, தாய்நாடு திரும்பும் நம்பிக்கையோடு ஹெலினா மூத்த மகன் யூரியுடன் நக்கரை விட்டுக் கிளம்பினார். அனுமதி கடைசி வரை வரவில்லை. 1955 அக்டோபரில் மேற்கு வங்க மலைநகரான கலிம்போங்கில் காலமானார். அவருக்கான நினைவுத் தூபி அங்கே டர்பின் குன்றில் இருக்கிறது. ஆகவே இருவரின் நினைவுச் சின்னங்களும் இமயத்தின் இரு கோடிகளில் பிரிந்து கிடக்கின்றன. அவர்களைச் சேர்த்துப் பார்க்க முடிவது இந்த வீட்டில்தான் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் அவர்களுடைய பணி தொடக்கத்திலிருந்தே கூட்டுப்பணி. 1901இல் திருமணம் முடித்தவர்கள், 1903, 1904ஆம் ஆண்டுகளில் ரஷ்யாவின் பழைய நகரங்களைச் சுற்றி வந்தார்கள். பாழடைந்துகொண்டிருந்த தேவாலயங்களையும் கோட்டைச் சுவர்களையும் அவர் ஓவியமாகத் தீட்ட, ஹெலினா அவற்றைப் புகைப்படம் எடுத்தார். 1925 முதல் 1928 வரை நடந்த மத்திய ஆசியப் பயணத்தின் கடுங்குளிரையும் ஹெலினா கூடவே இருந்து தாங்கினார். போர்க்காலத்திலும் கலைச்செல்வங்களைக் காக்க வேண்டும் என்று நிக்கோலஸ் முன்வைத்த ஒப்பந்தத்தில், 1935 ஏப்ரல் 15 அன்று வாஷிங்டனில் அமெரிக்கக் கண்டங்களின் 21 நாடுகள் கையெழுத்திட்டன. போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்க 1954இல் உருவான ஹேக் உடன்படிக்கைக்கு அது ஒரு முன்னோடி. வெள்ளைத் துணியில் சிவப்பு வட்டமும் அதனுள் மூன்று சிவப்புப் புள்ளிகளும் கொண்ட ரோரிக் ஒப்பந்தத்தின் கொடியை எங்கே பார்த்தாலும் எனக்கு இனி நக்கர்தான் நினைவுக்கு வரும்.

ஹெலினாவை அறிய விரும்புகிறவர்கள் வீட்டோடு நின்றுவிடாமல் இன்னும் மேலே ஏறி, அவர்கள் நிறுவிய உருஸ்வதி இமாலய ஆய்வு நிலையத்தையும் பார்க்க வேண்டும். மூலிகை, திபெத்திய மருத்துவம், மொழி, நாட்டார் வழக்கு என்று பல துறைகளில் அங்கே ஆய்வு நடந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது நின்றுபோனது. அதன் கௌரவத் தலைவராக இருந்தவர் ஹெலினா. ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக ஏறலாம். நாங்கள் கடைசியில் அவசரமாகத்தான் பார்க்க முடிந்தது. நீங்கள் காலையிலேயே போய், முதலில் உருஸ்வதியைப் பார்த்துவிட்டுப் பிறகு வீட்டுக்கு இறங்குங்கள்.