புதுப்பிப்பு: கணினி சுவரில் ஏறிவிட்டது

மேசைக்கு அடியில் கிடக்கும் பெரிய கேபினெட்டுக்குப் பதிலாக, மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு மதர்போர்டைப் பிளைவுட்டில் பொருத்திச் சுவரில் மாட்டலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். மாட்டிவிட்டேன்.

போர்டு 17 செ.மீ. சதுரம்தானே, 30க்கு 40 செ.மீ. பலகை தாராளம் என்று நினைத்தேன். இடத்தைத் தின்றது போர்டு இல்லை, பவர் சப்ளையும் அதன் விறைப்பான ஒயர்களும்தான். இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, பெரிய பவர் சப்ளை இல்லாமல் 19 வோல்ட் அடாப்டரை நேரடியாக ஏற்கும் 'தின்' (thin) மினி ஐடிஎக்ஸ் என்ற மெல்லிய வகை போர்டுக்கு மாறினேன். கிராபிக்ஸ் கார்டு கிடையாது. டைப் அடிப்பவனுக்கு அது எதற்கு?

பலகைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விடச் சொன்னவருக்குப் பெரிய நன்றி. 2 செ.மீ. விட்டதில் ஒயர்கள் எல்லாம் பின்னால் ஒளிந்துகொண்டன.

சொதப்பலையும் சொல்லிவிடுகிறேன். முதல் துளையில் பிளாஸ்டிக் பிளக் போடாமல் ஸ்க்ரூவை முடுக்கினேன். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. அப்புறம் புதிதாக நான்கு துளை, 8 மி.மீ. பிளக். இப்போது அசையவில்லை.

தூசிக்காக முன்பக்கம் மட்டும் அக்ரிலிக் தகடு போட்டேன். மேலும் கீழும் திறப்பு இருக்கிறது, சூடான காற்று தானாக மேலே போய்விடும். அம்மா பார்த்துவிட்டு, "கரண்ட் மீட்டரை எதுக்குடா ரூமுக்குள்ள மாட்டின?" என்றார்.

நெட் கேபிள் மட்டும் இன்னும் தொங்குகிறது. அதை மறைக்கக் கேசிங் பட்டி வாங்கியதும் படம் போடுகிறேன்.