48 வயதில் வேலை போனது: பிஎஃப்பை எடுத்துக் கடனை அடைத்துவிட்டு விவசாயம் பார்க்கலாமா?

பாமணிக்கரை:
ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜராக இருந்தேன், 19 வருட சர்வீஸ். தை மாதம் ஆட்குறைப்பில் என் பெயரும் வந்தது. மகள் பிளஸ் டூ, அதனால் மனைவியும் அவளும் தாம்பரத்தில். நான் மன்னார்குடியில் அப்பாவோடு. ஊரில் அப்பா 'வீட்டிலிருந்தே வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறார். அதற்காகவே காலையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார வேண்டியிருக்கிறது. டீக்கடையில், "என்ன மாப்ள, லீவு நீளுது?" என்கிறார்கள். இன்டர்வியூ எடுப்பவர்கள் என்னைவிடச் சின்னவர்கள். "சார், உங்க அனுபவத்துக்கு இந்த வேலை சரிப்படாது" என்று மரியாதையாக அனுப்பிவிடுகிறார்கள். திட்டி அனுப்பினால்கூடத் தேவலை.

வீட்டுக் கடன் தவணை 38,000. மனைவியின் வளையல்கள் கூட்டுறவு சங்கத்தில் அடகில். பிஎஃப்பை மொத்தமாக எடுத்துக் கடனுக்குக் கட்டிவிட்டு, குத்தகைக்கு விட்ட 9 மா நிலத்தைத் திரும்ப வாங்கி நானே சாகுபடி செய்யலாமா? வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தால் குறுவை நெல் போடலாம், அதற்குள் முடிவெடுக்கணும்.

வலங்கைமான் சம்சாரி:
9 மா என்பது மூணு ஏக்கர். ஏக்கருக்கு 20 குவிண்டால் என்றால் மொத்தம் 60. 2025-26 அரசு கொள்முதல் விலை சன்ன ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,545, ஒன்றரை லட்சம் வரும். உழவு, நடவு, உரம், அறுப்பு மெஷின் எல்லாம் என் கணக்கில் ஏக்கருக்கு 30 ஆயிரம். மிச்சம் உங்கள் இரண்டு மாதத் தவணைக்குக்கூடத் தேறாது. மழையில் சாய்ந்தால் அதுவும் இல்லை. குத்தகைக்காரர் இருக்கட்டும், அண்ணே.

குடந்தை அக்கா:
தம்பி, முதலில் கம்பெனி தர வேண்டிய கிராஜுட்டி, அதாவது பணிக்கொடை, வந்ததா? கடைசி அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைக் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 19-ஆலும் பெருக்குங்கள். 30 நாளுக்குள் தந்திருக்க வேண்டும். பிஎஃப்பில் தேவைக்கு மட்டும் எடுங்கள், மிச்சத்துக்கு வட்டி ஏறும். சர்வீஸ் பத்து வருடம் தாண்டியதால் பிஎஃப்பின் பென்ஷன் பகுதி மொத்தமாகக் கைக்கு வராது, 58-ல் பென்ஷனாகத்தான். 50-லேயே வாங்கலாம், ஆனால் முந்துகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். தவணை தவறும் முன்பே பேங்கில் போய், காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். தவறிய பிறகு போனால் பேச்சே வேறு.

நீடாமங்கலம் ஜங்ஷன்:
எனக்கு 51, இதே கதை. ஊரில் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் மச்சான் வழியாகத் திருவெறும்பூரில் வேலை வந்தது. பெல் (BHEL) கம்பெனிக்குப் பாகங்கள் செய்து தரும் பட்டறை, சம்பளம் பாதிதான். அந்தப் பக்கம் தரச் சோதனைக்கு ஆள் தேடுகிறார்கள். அப்பாவிடம் நீங்களே பேசுங்கள்.

பாமணிக்கரை:
கிராஜுட்டி வரவில்லை, கேட்கக் கூச்சமாக இருந்தது. இன்றைக்கே மெயில் போடுகிறேன். திங்கட்கிழமை பேங்குக்கு மனைவியும் வருகிறாள், கடன் இருவர் பெயரிலும் இருக்கிறது. ஜங்ஷன் அண்ணே, அந்தப் பட்டறை விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.