அயர்லாந்தில் தேய்ந்தது நம்பிக்கையா, திருச்சபையின் அதிகாரமா?

பொதிகைவாசன்:
1979 செப்டம்பரில் திருத்தந்தை (போப்) இரண்டாம் ஜான் பால் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், பீனிக்ஸ் பூங்காவில் திருப்பலி (கத்தோலிக்கரின் பூசை வழிபாடு) நிறைவேற்றியபோது பத்து லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். அன்று நாட்டின் மக்கள்தொகையே சுமார் 34 லட்சம்தான். 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே பூங்காவுக்கு வந்தார். கூட்டம் ஒன்றரை லட்சம் அளவில் நின்றது. இந்த இடைவெளியில் அந்நாட்டு மக்கள் பொதுவாக்கெடுப்பு மூலம் 1995-இல் விவாகரத்தை அனுமதித்தார்கள், 2015-இல் ஒருபால் திருமணத்துக்கு 62 சதவீதம் பேர் ஆதரவளித்தார்கள், 2018-இல் கருக்கலைப்புத் தடையை 66 சதவீத வாக்குகளோடு நீக்கினார்கள். மூன்றையும் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) எதிர்த்தார்கள்.

கல்வி பரவி, நகரங்கள் வளர்ந்து, நோய்க்கும் முதுமைக்கும் அரசு பொறுப்பேற்கத் தொடங்கினால் சமயத்தின் பிடி தளரும் என்று சமூகவியலாளர்கள் சொல்லி வந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அயர்லாந்து விதிவிலக்கு என்று வெகுகாலம் சொன்னார்கள். அது விதிவிலக்கல்ல, தாமதமாக வந்து சேர்ந்த நாடு.

வேர்மண்:
ஐயா, நீங்கள் சொன்ன காலவரிசையில் ஒரு பெரிய பகுதி விடுபட்டிருக்கிறது. 2009-இல் ரையன் ஆணையத்தின் அறிக்கை வந்தது. ஏழை, ஆதரவற்ற பிள்ளைகளை அடைத்து வைக்கத் துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் குழந்தைகள் பல பத்தாண்டுகளாக அடித்தும் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியும் சிதைக்கப்பட்டதை அது பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது. கன்னியாஸ்திரீகள் நடத்திய மாக்தலேன் சலவைக்கூடங்களில் அடைக்கப்பட்டுக் கூலியின்றி உழைத்த பெண்களிடம் 2013-இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மறுவருடம் டூவம் ஊரில், கன்னியாஸ்திரீகள் மணமாகாத தாய்மாருக்காக நடத்திய தாய்சேய் இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் செய்தி வந்தது. அடக்கம் செய்த பதிவே அவர்களுக்கு இல்லை.

இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, படிப்பும் வருமானமும் கூடியதால் மக்கள் கோவிலுக்குப் போகவில்லை என்று எழுதுவது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் அநீதி. அந்த மக்கள் கோபத்தில் வெளியேறினார்கள். ஒரு பொருட்டாகவே மதிக்காத ஒன்றின்மேல் யாருக்கும் அவ்வளவு கோபம் வராது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 69 சதவீதம் பேர் கத்தோலிக்கர் என்றே பதிந்திருக்கிறார்கள்.

பொதிகைவாசன்:
அந்த 69, 2011-இல் 84 ஆக இருந்தது.

கொடுமைகளை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அவைதான் மூலகாரணம் என்றால் கியூபெக்கை எப்படி விளக்குவீர்கள்? கனடாவின் அந்த மாகாணத்திலும் பள்ளி, மருத்துவமனை எல்லாம் திருச்சபையின் கையில்தான் இருந்தன. 1960-இல் ஆட்சி மாறியது, 1964-இல் கல்வி அமைச்சகம் வந்தது, மருத்துவமனைகளும் அரசிடம் போயின. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஞாயிறு திருப்பலிக்குச் செல்வோர் ஏறக்குறையப் பாதியாகிவிட்டார்கள். அங்குள்ள அனாதை இல்லக் கொடுமைகள் பெரும் விவாதமானதோ 1990களில். சரிவு முன்னே வந்தது, கொடுமை பின்னே வெளிவந்தது. அயர்லாந்திலும் குருக்களாகப் பயிற்சி பெறக் குருமடங்களில் சேர்வோர் குறையத் தொடங்கியது 1960களின் இறுதியிலேயே.

டப்ளின்வாசி:
நான் தூத்துக்குடிக்காரி, கத்தோலிக்கப் பெண், இங்கே செவிலியராக வேலை செய்கிறேன். கண்டதைச் சொல்கிறேன்.

இங்குள்ள தொடக்கப் பள்ளிகளில் பத்தில் ஒன்பதுக்கு அருகில் இன்றும் கத்தோலிக்க நிர்வாகம்தான். இடம் போதாத பள்ளிகள் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரலாம் என்ற விதி 2018 வரை இருந்தது. கோவில் வாசலையே மிதிக்காத பெற்றோர், பள்ளி இடத்துக்காகவே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கதைகளை என்னுடன் வேலை செய்பவர்கள் வெளிப்படையாகச் சொல்வார்கள். ஏழு, எட்டு வயதில் புதுநன்மை, அதாவது திருப்பலியில் முதன்முறை நற்கருணை அப்பம் பெறும் சடங்கு. பள்ளி நேரத்திலேயே தயாரிப்பு நடக்கிறது. வெள்ளை உடை, முக்காடு, உறவினர்கள் வாழ்த்து அட்டைக்குள் வைத்துத் தரும் யூரோ நோட்டுகள், பிறகு விருந்து. அடுத்த ஞாயிறு அந்த இருக்கைகளில் எங்களைப் போன்ற தமிழரும் மலையாளிகளும் போலந்துக்காரர்களுமே இருப்போம். பல பங்குகளில் (ஒரு கோவிலுக்கு உட்பட்ட வட்டாரங்களில்) பங்குத்தந்தையே இந்தியாவிலிருந்து வந்தவர். அரசுத் தொலைக்காட்சியில் மட்டும் மாலை ஆறு மணிக்கு மூவேளைச் செப மணி (மரியாவை நினைத்துச் செபிக்க அழைக்கும் மணி) தவறாமல் ஒலிக்கிறது.

வார்டில் வயதானவர்கள் நோயில் பூசுதலுக்கு (நோயுற்றவருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு) குருவை அழைக்கச் சொல்வார்கள். ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. அவர்களிடம் கோபமும் தெரிவதில்லை, வேர்மண் தம்பி. அந்த எண்ணமே அவர்களுக்கு எழுவதில்லை. எழுதும்போது எனக்கு வலிக்கிறது, ஆனால் பார்ப்பது இதைத்தான்.

பொதிகைவாசன்:
சகோதரி, நன்றி. பிரிட்டனை ஆராய்ந்த சமூகவியலாளர் டேவிட் வோஸ் சொல்வதும் இதுதான். நம்பியவர் நடு வயதில் நம்பிக்கையை இழப்பது குறைவு. பெற்றோரின் நம்பிக்கை பிள்ளைக்குக் கைமாறாமல் போவதே அதிகம். இங்கிலாந்து, வேல்ஸில் தம்மைக் கிறிஸ்தவர் என்றவர்கள் 2001-இல் 72 சதவீதம், 2021-இல் 46.

வேர்மண்:
அக்கா சொன்னதை மதிக்கிறேன். பெற்றோரின் கோபம் பிள்ளைகளிடம் அக்கறையின்மையாக முடிவதும் உண்டு என்று மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

எந்த இடத்திலிருந்து சரிவை அளக்கிறோம்? 1840களின் பெரும்பஞ்சத்துக்கு முன் அயர்லாந்தில் ஞாயிறு திருப்பலிக்குச் சென்றவர்கள் பாதிக்கும் குறைவு என்பது வரலாற்றாசிரியர் எம்மெட் லார்கினின் முடிவு. புனிதக் கிணறுகளைச் சுற்றுவது, சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து ஆடிப்பாடுவது, இவைதான் அன்றைய ஏழை மக்களின் சமயம். 1850-இல் பேராயர் பால் கல்லன் தர்லெஸ் ஊரில் ஆயர்களைக் கூட்டினார். அதன் பிறகுதான் கோவில்கள் கட்டப்பட்டு, குருக்கள் பெருகி, செபமாலையும் நவநாளும் (ஒன்பது நாள் செபம்) வீடுதோறும் பரவின. பத்தில் ஒன்பது பேர் திருப்பலிக்குச் செல்லும் நாடு அப்படித்தான் உருவானது. பள்ளிக்கூடமும் அச்சு நூலும் ரயிலும் வந்த அதே காலம் அது. நவீனம் அங்கே சமயத்தைத் தேய்க்கவில்லை, வளர்த்தது!

தென்கொரியாவும் அப்படியே. உலகமே வியந்த வேகத்தில் அந்நாடு தொழில்மயமான 1960 முதல் 1990 வரையிலான ஆண்டுகளில்தான் சியோலின் தேவாலயங்கள் நிரம்பி வழிந்தன. சமயத் தேய்வை உறுதியாக நம்பிய சமூகவியலாளர் பீட்டர் பெர்கரே 1999-இல் தம் கருத்து தவறு என்று எழுதியதற்கு இப்படிப்பட்ட நாடுகள்தான் காரணம்.

பொதிகைவாசன்:
கொரியக் கதையை 1990-இல் நிறுத்தக் கூடாது. எந்தச் சமயமும் இல்லை என்றவர்கள் அங்கே 2005-இல் 47 சதவீதம், 2015-இல் 56.

லார்கினின் வாதம் என் பக்கத்துக்கும் உதவும். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஐரிஷ்காரன் தன்னை அடையாளம் காட்டக் கத்தோலிக்கம் தேவைப்பட்டது. சமூகவியலாளர் ஸ்டீவ் புரூஸ் இதை அழுத்தமாகச் சொல்வார்: ஒரு சமூகம் அந்நியருக்கு எதிராகத் தன்னைக் காத்துக்கொள்ளும் வரை சமயம் வலுவாக நிற்கும், அந்தத் தேவை தீர்ந்ததும் தளரும்.

மற்றொன்று, அரசியல் ஆய்வாளர்கள் பிப்பா நோரிஸும் ரொனால்ட் இங்கிள்ஹார்ட்டும் காட்டிய வழி. தொழில்மயமாதலின் முதல் கட்டம் மக்களை வேரோடு பிடுங்கி நகரத்தில் எறிகிறது. அங்கே தேவாலயம் புகலிடமாகிறது. மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் வந்து நாளைய பயம் குறைந்த பிறகு, அடுத்த தலைமுறைக்கு அந்தப் புகலிடம் தேவைப்படுவதில்லை. கொரியாவில் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீடு 1989-இல் வந்தது. ஏற்றம், இறக்கம் இரண்டையும் இந்த விளக்கம் தாங்கும்.

வேர்மண்:
ஐயா, கல்வி, நகரம் என்று தொடங்கினீர்கள்; இப்போது நாளைய பயம் ஒன்றே காரணமாக நிற்கிறது. அதை அயர்லாந்திலேயே சோதிக்கலாம். 2008-இல் அந்நாட்டு வங்கிகள் சரிந்தன. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் கடன் கேட்டு நின்றார்கள். 2012 வாக்கில் வேலையின்மை 15 சதவீதத்தை எட்டியது, வீட்டுக்கடன் கட்ட முடியாமல் குடும்பங்கள் தவித்தன, இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறிய காலம் திரும்பியது. பயம் இவ்வளவு வந்தும் கோவில்கள் நிரம்பவில்லையே?

என் பார்வையில் விடை எளியது. வங்கிகள் சரிந்த மறுவருடம்தான் ரையன் அறிக்கை வெளிவந்தது. புகலிடம் தேடிப் போக வேண்டிய வாசலில் அந்தக் குழந்தைகளின் வாக்குமூலங்கள் கிடந்தன. உங்கள் கோட்பாடு இந்த நான்கு ஆண்டுகளை எப்படி விளக்கும் என்று எழுதுங்கள்.