ரங்கூன் பேரேடுகளுக்கு ஒரு பேக்கப் டிரைவ்: எக்ஸ்ஃபேட்டா, என்டிஎஃப்எஸ்ஸா?

பள்ளத்தூரான்: பெரிய வீட்டில் கிடந்த ரங்கூன் கடைப் பேரேடுகள், கடிதங்கள், இசைகுடிமானங்கள் (கல்யாண ஒப்பந்தங்கள்) எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடித்தாயிற்று. கூடவே பழைய கல்யாண வீடியோக்களும் உண்டு. 2 டிபி டிரைவ் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஊரில் இருப்பது விண்டோஸ் லேப்டாப். சிங்கப்பூர்ப் பங்காளியிடம் மேக். சித்தப்பா மகன் லினக்ஸைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) எல்லோரும் கூடும்போது டிரைவ் கைமாறும். எந்த ஃபார்மேட் (டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) போடலாம்? வாங்கும்போதே எக்ஸ்ஃபேட்டில் இருக்கிறது.

காரைக்குடி ஸ்டூடியோ: அப்படியே விட்டுவிடுங்கள் அண்ணே. விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம், படிக்கலாம். 2019-இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரங்களை வெளியிட்ட பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. விண்டோஸின் சொந்த ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ் போட்டால் மேக்கில் படிக்கத்தான் முடியும், தனி மென்பொருள் இல்லாமல் எழுத முடியாது. பழைய ஃபேட்32 பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பதால் கல்யாண வீடியோ பாதியில் நின்றுவிடும்.

தேவகோட்டை பென்குயின்: கஸ்டமர் கையில் கொடுக்கிற பென்டிரைவுக்கு ஸ்டூடியோ அண்ணன் சொல்வது சரி. பேக்கப்புக்கு நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. ஜர்னல் என்றால், இன்ன மாற்றம் செய்யப்போகிறேன் என்று முதலில் ஒரு குறிப்பு எழுதிவைத்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குவது. நடுவில் கேபிள் கழன்றால், அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். என்டிஎஃப்எஸ்ஸுக்கு 1993-லிருந்தே இது உண்டு, லினக்ஸின் எக்ஸ்ட்4-க்கும் உண்டு. எக்ஸ்ஃபேட்டில் எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்கிற அட்டவணைகூடப் பெரும்பாலும் ஒன்றுதான். ஃபேட்32-லாவது இரண்டு பிரதி இருந்தது. சித்தப்பா மகன் பக்கம் வாருங்கள், எக்ஸ்ட்4 போடுங்கள்.

காரைக்குடி ஸ்டூடியோ: தம்பி, ஜர்னல் காப்பாற்றுவது ஃபைலின் பெயரையும் இடத்தையும்தான். உள்ளே பாதி எழுதிய வீடியோ பாதியாகவே கிடக்கும். அதையும் சொல்லிவிட்டு வாதாடுங்கள். தவிர, விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிரைவுகளுக்கு எழுதுவதைத் தேக்கிவைக்காத முறைதான் இயல்பாக இருக்கிறது. சட்டென்று பிடுங்கினாலும் முன்பு போல் ஆபத்தில்லை.

தேவகோட்டை பென்குயின்: எழுதி முடித்த பிறகு பிடுங்கினால் ஆபத்தில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால்? முற்றத்தில் பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் இதெல்லாம் நடக்கும் அண்ணே.

ஆத்தங்குடி கல்: எக்ஸ்ட்4 டிரைவை விண்டோஸில் செருகிப் பார்த்திருக்கிறீர்களா தம்பி? "பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்யவேண்டும், செய்யவா?" என்று கேட்கும். வீட்டில் இருக்கிற பெரியவர் யாராவது நல்லெண்ணத்தில் சரி என்று அழுத்திவிட்டால் ஜர்னல் எந்த மூலைக்கு?

இன்னொன்று, தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு. எக்ஸ்ட்4-இல் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 என்கிற எழுத்துக் குறியீட்டில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கி' என்றால் ககரம் 3, இகரக் குறி 3, ஆக 6. "ரங்கூன் மொகல் தெருக் கடை ஐந்தொகை, பெரிய ஐயா கையெழுத்து, இரண்டாம் பகுதி" என்கிற மாதிரி வைத்தால் அதிலேயே 188 பைட் போய்விடும், இன்னும் இருபத்திரண்டு தமிழ்க் குறிக்குத்தான் இடம் இருக்கும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டும் 255 குறிகளையே எண்ணுகின்றன, தமிழுக்குத் தாராளம்.

தேவகோட்டை பென்குயின்: அவ்வளவு நீளமாகப் பெயர் வைப்பதே தப்பு. அந்த விவரமெல்லாம் ஒரு எக்செல் தாளில் இருக்கவேண்டும். ஆனால் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. சரி, எக்ஸ்ட்4 வேண்டாம். என்டிஎஃப்எஸ்ஸுக்கு வருகிறேன். அண்ணே, இந்த டிரைவில் எழுதப்போவது யார்?

பள்ளத்தூரான்: நான் மட்டும்தான். மற்றவர்கள் பார்ப்பார்கள், நகல் எடுத்துக்கொள்வார்கள்.

தேவகோட்டை பென்குயின்: அப்படியானால் மேக் எழுதமுடியாது என்பது நல்லதுக்குத்தான். சிங்கப்பூரில் யாரும் கைதவறி எதையும் அழிக்கமுடியாது. லினக்ஸ் கெர்னலில் 5.15-லிருந்து, அதாவது 2021-லிருந்து, என்டிஎஃப்எஸ்ஸுக்கு எழுதும் டிரைவரே இருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் மட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவையுங்கள், அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். பாதித் தூக்கத்தில் கழற்றிய டிரைவை லினக்ஸ் எழுதவிடாமல் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும்.

காரைக்குடி ஸ்டூடியோ: பங்காளி அங்கிருந்து நாலு போட்டோ சேர்க்கவேண்டும் என்றால்?

தேவகோட்டை பென்குயின்: உங்கள் எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் போட்டு அனுப்பட்டும்.

ஆத்தங்குடி கல்: இருவரும் விட்டது ஒன்று உண்டு. வருடக்கணக்கில் கிடந்து ஒரு படத்தில் ஒரு பிட் மாறிப்போனால் இந்த மூன்று ஃபார்மேட்டில் எதுவும் கண்டுபிடிக்காது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்கிற ஃபார்மேட்டுகள் கண்டுபிடிக்கும், ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அது ஒத்துவராது. எல்லா ஃபைலுக்கும் ஷா-256 (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) எடுத்து ஒரு பட்டியலாக டிரைவிலேயே வையுங்கள், வருடம் ஒருமுறை ஒப்பிடுங்கள். இரண்டாவது டிரைவும் வாங்குங்கள், வேறு ஊரில் இருக்கட்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களை மைக்ரோஃபிலிமில் ஏற்றினார்கள். அதைப் படிக்க ஒரு விளக்கும் லென்ஸும் போதும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பள்ளத்தூரான்: என்டிஎஃப்எஸ் போடுகிறேன். இரண்டாவது டிரைவ் கோயம்புத்தூரில், சித்தப்பா மகனிடம். அதை அவன் எக்ஸ்ட்4 ஆக்கிக்கொண்டாலும் சரி.

காரைக்குடி ஸ்டூடியோ: ஆகட்டும் அண்ணே. "போட்டோ ஏறமாட்டேன் என்கிறது" என்று சிங்கப்பூரிலிருந்து ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வந்தால் பென்குயின் தம்பி நம்பரைக் கொடுங்கள்.